இரண்டாவது பேஸுக்குப் பதினெட்டு மீட்டர்

பந்து பிட்சரின் கையை விட்டுப் பிரிகிற வரைக்கும் கால் பேஸை விட்டு எழக்கூடாது. அவ்வளவுதான் சட்டம். பேஸ்பாலில் இப்படிக் கிடையாது, அங்கே நாலு எட்டு முன்னால் போய் நின்றுகொண்டு பிட்சரைச் சீண்டலாம், அவன் திரும்பி எறிந்தால் ஓடிவந்து விழுந்துகொள்ளலாம். சாப்ட்பாலில் அந்தச் சலுகை இல்லை. ஒரு கண் இமைப்பு முன்னால் எழுந்தாலும் அவுட். மேகலா இடது பாதத்தின் முன்பாதியை முதல் பேஸின் ஓரத்தில் அழுத்தி, வலது காலைப் பின்னால் புழுதியில் ஊன்றி, குனிந்து நின்றாள். மூன்று மணி வெயில் தலைக்கவசத்தின் மேல் நின்றது. கரூர் கல்லூரி மைதானத்து மண் ஹோஸ்டலில் இருந்த காலத்தில் பார்த்த அதே செம்மண்தான், காலையில் தண்ணீர் தெளித்திருந்தும் இப்போது மாவாகப் பறந்தது. ஏழாவது இன்னிங்ஸ், அதுதான் கடைசி, ஒரு ரன் பின்னால், இரண்டு அவுட். இன்னும் ஒரு அவுட் விழுந்தால் சாயங்காலம் பஸ் ஏறி ஊருக்குப் போக வேண்டியதுதான். மூன்றாவது பேஸ் பக்கம் நின்ற பயிற்சியாளர் தனசேகரன் சார் தொப்பியைத் தொட்டார், மூக்கைத் தொட்டார், பிறகு பெல்ட்டைத் தொட்டார். பெல்ட் என்றால் ஓடு. அடுத்த பந்தில் ஸ்டீல். அடிக்கிறவள் அடிக்கிறாளோ இல்லையோ, இவள் இரண்டாவது பேஸுக்குப் போய்ச் சேர்ந்துவிட வேண்டும், அங்கிருந்து ஒரு சாதாரண அடிக்கே ஓடிவந்து ரன் எடுத்துவிடலாம். சார் கணக்கு சரிதான். அணியிலேயே வேகமான கால் இவளுடையது, முப்பது வயசிலும், ஒரு பிள்ளை பெற்ற பிறகும். பார்த்தேன் என்று இவள் தலையசைக்க வேண்டும். தலையசைத்தாள். அசைத்த தலை வேறு யாருடையதோ மாதிரி இருந்தது.

ஏனென்றால் இரண்டாவது பேஸுக்குப் போகிற வழியில் ஜெசிந்தா நிற்கிறாள். வான நீலச் சட்டை, சாம்பல் பேண்ட், இடுப்பில் எண்ணிக்கைக் கருவி, நடுவரின் உடை. முதல் பேஸில் ஓட்டக்காரி இருக்கும்போது கள நடுவர் உள்ளே வந்து இரண்டு பேஸையும் பார்க்கிற மாதிரி நிற்க வேண்டும். எனவே அவள் பார்வை இப்போது மேகலாவின் இடது பாதத்தின் மேல் இருக்கிறது. இருக்க வேண்டும், அதுதான் அவள் வேலை. காலையில் வண்டியை விட்டு இறங்கியதுமே மேகலா அவளைப் பார்த்துவிட்டாள். பத்து வருஷம். முகம் கொஞ்சம் பூசினாற்போல் ஆகியிருந்தது, நடையில் மட்டும் இடது பக்கம் ஒரு சின்னத் தயக்கம், தெரியாதவர்களுக்கு அது தெரியாது. தனியார் பள்ளிக்கூடம் ஒன்றில் பி.டி. டீச்சர், நடுவர் பரீட்சை எழுதியிருக்கிறாள் என்று யாரோ சொல்லித்தான் தெரியும். டாஸ் போட்டபோது இரண்டு அணியையும் பொதுவாகப் பார்த்து, "எல்லாரும் ஸ்பைக்கைக் காட்டுங்க" என்றாள். வரிசையாக நின்று காலைத் தூக்கிக் காட்டினார்கள். மேகலாவின் முறை வந்தபோது ஜெசிந்தா குனிந்து ஷூ அடியில் இருக்கிற முள்ளைப் பார்த்தாள், மற்றவர்களுக்குப் பார்த்த அதே நேரம்தான், அதிகமில்லை, "சரிங்க" என்றாள், அடுத்தவளுக்குப் போய்விட்டாள். சரிங்க. அந்த 'ங்க' அப்போதிருந்து காதிலேயே நிற்கிறது. ஒரே அறையில் மூன்று வருஷம், ஒரே வாளித் தண்ணீரில் இருவர் துணியும். வாடி போடி தவிர வேறு பேச்சுக் கிடையாது.

பிட்சர் தயாரானாள். கை முன்னால் வருகிறது, மேலே போகிறது, உச்சியில் இருக்கும்போது இவள் பின்கால் அசையத் தொடங்க வேண்டும், கை சுழன்று இடுப்புக்கு வருகிற நேரத்தில் முன்கால் பேஸை உதைக்க வேண்டும், பந்தும் பாதமும் ஒன்றாகப் பிரிய வேண்டும். இதை ஆயிரம் தடவை செய்திருக்கிறாள். கை மேலே போனது, வந்தது, பந்து போனது. மேகலா நின்ற இடத்திலேயே நின்றாள். பந்து கேட்சரின் கையுறையில் 'தப்' என்று விழுந்தது. பால் ஒன் என்று கேட்சருக்குப் பின்னாலிருந்த நடுவர் சொன்னார். கேட்சர் பந்தை மெதுவாகத் திருப்பி எறிந்தாள். முதல் பேஸுக்குப் பக்கத்தில் ஓட்டக்காரிக்குச் சொல்லிக்கொடுக்க நிற்கிற விசாலி, இவள் அணியில் ஆகச் சின்னவள், வாயைப் பொத்திக்கொண்டு, "அக்கா, சைகையப் பாக்கலீங்களா? பெல்ட்டுங்க்கா" என்றாள். "பாத்தேன் கண்ணு." "அப்பறம் ஏனுங்க்கா போகல?" அதற்குள் எதிர்க் கோடியிலிருந்து தனசேகரன் சாரின் குரல் வந்தது. "என்ன மேகலா, தூங்கறயா? இது பார்க்கா?" பார்க்க வந்திருந்த நாற்பது ஐம்பது பேரில் சிலர் சிரித்தார்கள். ஜெசிந்தா சிரிக்கவில்லை, கருவியில் எதையோ அழுத்தினாள்.

ஏன் போகவில்லை. விரல், என்று சொல்லலாம். வலது கையில் இரண்டு விரல் மூன்று வாரத்துக்கு முன்னால் ஒடிந்து, இப்போது சேர்த்துக் கட்டியிருக்கிறது. பத்து வருஷமாக மேகலா எந்தப் பேஸுக்கும் காலை முன்னால் நீட்டிச் சறுக்கியதில்லை. கையை நீட்டி மார்பால் விழுவாள், நீச்சலுக்குக் குதிப்பது மாதிரி. அப்படி விழுந்துதான் இந்த விரல் போனது, இதற்கு முன் ஒரு தடவை தோள் இறங்கியது. "காலால வந்தா ஒண்ணும் ஆகாதில்ல, என்ன பிடிவாதம் உனக்கு" என்று சார் ஒவ்வொரு முறையும் திட்டுவார். டாக்டர் இன்னொரு தடவை இந்தக் கையால் விழுந்தால் விரல் மடங்காது என்று சொல்லிவிட்டார், மடங்காத விரலை வைத்துக்கொண்டு ஆபீஸில் எப்படித் தட்டச்சு செய்வது. ஆக இன்றைக்குக் காலால்தான். ஸ்பைக் போட்ட காலால். இரண்டாவது பேஸை மறிக்க ஓடிவரப்போகிறவள் எதிரணியின் ஷார்ட் ஸ்டாப், இரண்டாவது மூன்றாவது பேஸ்களுக்கு நடுவில் நிற்கிறவள், தாரணி என்று அவள் அணியில் கூப்பிடுகிறார்கள், பத்தொன்பது இருபது வயசிருக்கும், மெல்லிய கணுக்கால். நாலாவது இன்னிங்ஸில் வேறொருத்தி ஸ்டீல் எடுத்தபோது மேகலா பார்த்தாள்: பந்தை வாங்கிய கையோடு அந்தப் பெண் இடது காலை முழுசாகப் பேஸுக்குக் குறுக்கே வைத்துவிட்டாள். பந்து கையில் இருந்தால் அப்படி மறிக்கலாம், தப்பில்லை. ஆனால் அப்படி வைக்கக்கூடாது என்று யாராவது அவளுக்குச் சொல்லியிருக்க வேண்டும். ஜெசிந்தாவும் அப்படித்தான் வைத்தாள். ஷார்ட் ஸ்டாப்தான் அவளும்.

பத்து வருஷத்துக்கு முன்னால் அன்றைக்கு நடந்தது மேட்ச்கூட இல்லை. காலைப் பயிற்சி, ஆறரை மணி, பனி ஈரம். மறுநாள் தேர்வு, விளையாட்டு ஒதுக்கீட்டில் அரசு வேலை, அவர்கள் கல்லூரியிலிருந்து ஒருத்தியைத்தான் எடுப்பார்கள் என்று எல்லோருக்கும் தெரியும், அந்த ஒருத்தி யார் என்றும் தெரியும். முந்தின நாள் மெஸ்ஸில் ஜெசிந்தா தன் தட்டிலிருந்து ஒரு வடையை எடுத்து இவள் தட்டில் வைத்து, "உனக்கு அடுத்த வருசம் கண்டிப்பாக் கெடைக்கும்டி" என்றாள். நல்ல மனசோடுதான் சொன்னாள். அதில் ஒரு சந்தேகமும் இல்லை. அந்த நல்ல மனசைத்தான் மேகலாவால் விழுங்க முடியவில்லை, வடையை விழுங்கிவிட்டாள். இவள் அப்பா போய் ஆறு மாசம் ஆகியிருந்தது, அம்மா பின்னலாடைக் கம்பெனியில் பிசிர் வெட்டிக்கொண்டிருந்தாள், அடுத்த வருசம் என்பது இவள் வீட்டில் யாரும் சொல்லாத வார்த்தை. காலையில் கல்லூரி பி.டி. சார் ஸ்டீல் பயிற்சி வைத்தார். மேகலா ஓடினாள். பந்து வந்துவிட்டது, ஜெசிந்தா திரும்பினாள், கால் குறுக்கே இருந்தது. மேகலா சறுக்கினாள். காலைத் தரையோடு படுக்க வைத்துப் போக வேண்டும், தாழ்வாக, பாதம் மண்ணைத் தடவுகிற மாதிரி. தாழ்வாகத்தான் இறங்கினாள். பிறகு பாதம் உயர்ந்தது. உயர்ந்ததா, உயர்த்தினாளா? இந்த இடத்தில்தான் ஒவ்வொரு முறையும் முள்ளில் மாட்டின துணி மாதிரி நினைப்பு நின்றுவிடும். மண்ணில் ஒரு மேடு இருந்தது, ஸ்பைக் அதில் தட்டி எழும்பியது என்று அந்தச் சாரிடம் சொன்னாள். மேடு இருந்ததா? சாயங்காலம் போய்த் தேடினாள், எல்லா இடமும் மேடாகத்தான் இருந்தது. அந்தச் சத்தம் மட்டும் சந்தேகமில்லாமல் இருந்தது. விறகு ஒடிகிற சத்தம் இல்லை, அதைவிட ஈரமான ஒன்று.

விளையாட்டில் இதெல்லாம் சகஜம் என்றார்கள். ஜெசிந்தாவின் அப்பாவே சொன்னார், நாற்காலியை நகர்த்திப் போட்டு, "உக்காரும்மா, நீ என்ன பண்ணுவே" என்றார். ஆஸ்பத்திரிக்கு இரண்டு தடவை போனாள். ஆரஞ்சு, ஹார்லிக்ஸ். ஜெசிந்தா கட்டுப் போட்ட காலைத் தலையணை மேல் வைத்துக்கொண்டு, மேகலாவின் முகத்தையே பார்த்தாள், ஏதோ கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்கிற மாதிரி. ஆனால் எதுவும் கேட்கவில்லை. மூன்றாவது தடவை போக முடியவில்லை, ஏனென்றால் அதற்குள் வேலைக்கான கடிதம் இவள் பெயருக்கு வந்துவிட்டது. பத்து வருஷமாக அந்த ஆபீஸ் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாள், பதவி உயர்வுகூட வந்தது, அம்மா பிசிர் வெட்டப் போவதை நிறுத்தினாள், கல்யாணம், மகன். அரை நொடி, அதற்கும் குறைவு, என்று மேகலா தனக்குச் சொல்லிக்கொள்வாள். பஸ்ஸில் ஜன்னலோரம், அடுப்பில் பால் பொங்கக் காத்திருக்கையில், மகனுக்குத் தலை துவட்டும்போது. அவ்வளவு சின்ன நேரத்தில் ஒரு மனுஷி எதையும் தீர்மானிக்க முடியாது. உடம்பு தானாக என்னவோ செய்கிறது. இதை நம்பித்தான் அவள் தூங்குகிறாள். நம்பினவள் எதற்காகப் பத்து வருஷமாகக் கையால் விழுந்தாள்?

மறுபடி பெல்ட். இந்த முறை சார் வேறெதையும் தொடவில்லை, நேராகப் பெல்ட்டையே தொட்டார். எதிரணிக்கும் தெரிந்திருக்கும், தெரிந்தால் தெரியட்டும் என்கிற கோபம் அவர் முகத்தில். கை மேலே போனது, இவள் பின்கால் தானாக நகர்ந்தது, இடுப்புக்கு வந்தது, உதைத்தாள். ஓடுகிறாள். காற்று காதில். அடித்தவளின் மட்டையில் பட்டு 'டிக்' என்று பந்து பின்னால் தெறித்தது. "ஃபவுல்!" நடுவர் இரண்டு கையையும் உயர்த்தினார். ஃபவுல் என்றால் பந்து செத்துவிட்டது, ஓடினவள் திரும்பி வந்து பழையபடி நிற்க வேண்டும். மேகலா பாதி வழியில் நின்றாள். மூச்சு வாங்கியது. மூன்று எட்டுத் தள்ளி ஜெசிந்தா. அவள் சட்டைக் கழுத்தில் வியர்வை கறுப்பாக இறங்கியிருந்தது. திரும்பி நடக்க வேண்டிய மேகலா, நடக்காமல், "முன்னாடியே எந்திரிச்சனா?" என்று கேட்டாள். என்ன கேள்வி இது. கேட்க நினைத்தது இது இல்லை. ஜெசிந்தா முகத்தைத் திருப்பாமல், "பந்து கைய விட்டப்பறந்தான் எந்திரிச்சீங்க. முன்னாடி எந்திரிச்சிருந்தா அவுட் குடுத்திருப்பனே" என்றாள். "பாத்துட்டேதான் இருந்தியா?" "அதுக்குத்தானுங்க நிக்கறேன். பேஸுக்குப் போங்க." அதட்டலும் இல்லை, நேசமும் இல்லை. ரேஷன் கடையில் வரிசையை நகர்த்துகிறவரின் குரல்.

திரும்பி நடந்த அந்த ஒன்பது மீட்டரில் மேகலாவுக்கு ஓர் எண்ணம் வந்தது, முன்னாலேயே எழுந்துவிட்டால் என்ன என்று. பந்து பிரிவதற்கு ஒரு கணம் முந்தி, வேண்டுமென்றே. ஜெசிந்தா பார்ப்பாள், அவுட் கொடுப்பாள், ஆட்டம் அதோடு முடியும், இரண்டாவது பேஸ் வரைக்கும் போகவே வேண்டாம், அந்தப் பெண்ணின் கணுக்கால் பக்கமே போக வேண்டாம். எவ்வளவு சுலபம். பிறகு விசாலியைப் பார்த்தாள். அது நகத்தைக் கடித்துக்கொண்டு இவளையே பார்த்தது, ஒரு மேட்ச்கூட ஜெயித்துப் பழகாத முகம். விசாலி குரலைத் தாழ்த்தி, "நல்ல ஸ்டார்ட்டுங்க்கா, இதே மாதிரி இன்னொருக்கா போனீங்கன்னா அவங்களால எறியவே முடியாது" என்றாள். மேகலா இடது பாதத்தை மறுபடி பேஸில் வைத்தாள். வயிற்றில் சிசேரியன் தழும்பு இருக்கிற இடம் இழுத்தது. சறுக்குவதற்கு எங்கே இறங்க வேண்டும், பேஸுக்கு எத்தனை எட்டு முன்னால்? பத்து வருஷமாகிவிட்டது, உடம்புக்கு மறந்திருக்கும். மறந்த உடம்பு என்ன செய்யும்? அங்கே தாரணி தன் கையுறைக்குள் குத்திக்கொண்டு, கேட்சரிடம், "வரட்டும், வரட்டும்" என்று கத்தினாள். கேட்சர் சிரித்தாள். யாராவது அந்தப் பிள்ளையிடம் சொல்லுங்களேன், காலை உள்ளே வைக்காதே, ஓரமாக வை என்று.

கை மேலே. பின்கால். இடுப்பு. உதை. இந்த முறை மட்டையில் படவில்லை, கையுறையில் பந்து விழுகிற சத்தம் முதுகுக்குப் பின்னால் கேட்டது, அதற்குள் ஆறு எட்டு ஓடியிருந்தாள். பேஸ் வெள்ளையாக வளர்ந்துகொண்டே வந்தது. தாரணி ஓடிவந்து நின்றாள், கையுறை தாழ்ந்தது, கண் மேகலாவைத் தாண்டிப் பந்தைப் பார்த்தது. பந்து வந்துவிட்டது. நல்ல எறி, தாழ்வாக, நேராக. தாரணி அதை வாங்கினாள், வாங்கிய கையோடு இடது காலைக் குறுக்கே வைத்தாள். மேகலா ஏற்கெனவே இறங்கிவிட்டிருந்தாள், வலது தொடை மண்ணைக் கிழித்துக்கொண்டு போனது, ஸ்பைக் முன்னால், ஸ்பைக்குக்கு நேராகக் கணுக்கால். சாக்ஸில் ஒரு பச்சைக் கோடு இருந்தது. கோட்டுக்கு மேலே எலும்பின் சின்ன உருண்டை. நேராகப் போனால் கால் விலகும், அல்லது ஒடியும், கையுறையிலிருந்து பந்து தெறிக்கலாம், சேஃப் ஆகலாம், விசாலி குதிப்பாள். வலது பக்கம் போனால் பேஸ் எட்டாது, இடது கையை நீட்டினால் ஓரத்தைத் தொடலாம், தொடாமலும் போகலாம். இவ்வளவையும் பார்த்தாள். ஒவ்வொன்றையும் தனித்தனியாக, கடைத்தெருவில் நின்று பார்ப்பது மாதிரி பார்த்தாள். பிறகு பாதத்தைத் தாழ்த்தி, இடுப்பை முறித்து, வலது பக்கம் திருப்பினாள். தாரணியின் சாக்ஸில் புழுதி மட்டும் அடித்தது. இடது கை பேஸைத் தேடியது, தொடுவதற்கு நாலு விரற்கடை இருக்கும்போது பந்தோடு கையுறை வந்து தோளில் இறங்கியது.

ஜெசிந்தா கையை மடக்கி உயர்த்தினாள். "அவுட்!"

எதிரணிப் பெண்கள் கத்திக்கொண்டு ஓடிவந்தார்கள். தாரணி குனிந்து, "அடி கிடி படலீங்களேக்கா?" என்று கேட்டாள், பதிலுக்கு நிற்காமல் அவர்களோடு போய்க் கலந்துகொண்டாள், இரண்டு காலிலும் குதித்தபடி. தூரத்தில் தனசேகரன் சார் தொப்பியைக் கழற்றித் தரையில் அடித்தார். மேகலா அப்படியே மண்ணில் உட்கார்ந்திருந்தாள். தோல் உரிந்த தொடை எரிந்தது. முதலில் ஒரு நிம்மதி வந்தது, வெந்நீர் மாதிரி, உடம்பு முழுக்க. அந்தப் பெண்ணுக்கு ஒன்றும் ஆகவில்லை. நான் திருப்பிவிட்டேன். பார்த்தேன், யோசித்தேன், திருப்பினேன். அந்த நினைப்பின் வாலைப் பிடித்துக்கொண்டே மற்றது வந்தது. யோசித்தேன். அரை நொடியில். பச்சைக் கோட்டைப் பார்த்தேன், விசாலியை நினைத்தேன், இரண்டு வழியையும் எடை போட்டேன், அதற்கு மேலும் நேரம் மிச்சம் இருந்தது. இன்றைக்கு இருந்தது என்றால் அன்றைக்கும் இருந்திருக்கும். மண் மேடு எங்கேயும் இல்லை. பனி ஈரத்தில், குறுக்கே வைத்த காலைப் பார்த்தபடி, தட்டில் வைத்த வடை நினைவில் இருக்க, அவள் பாதத்தை உயர்த்தினாள். முழங்கால் மடங்கியது, கணுக்கால் நிமிர்ந்தது, எல்லாம் ஞாபகம் இருந்தது. எப்போதுமே இருந்திருக்கிறது. நிம்மதி எங்கே போனது என்று தெரியவில்லை.

ஜெசிந்தா எண்ணிக்கைக் கருவியைப் பையில் போட்டுக்கொண்டு இவளைக் கடந்து நடந்தாள். இவ்வளவு நேரம் நின்றதில் அந்த இடது பக்கத் தயக்கம் இப்போது நன்றாகத் தெரிந்தது.

"ஜெசி."

நின்றாள்.

"அன்னிக்கும் நேரம் இருந்துச்சு ஜெசி."

என்றைக்கு என்று அவள் கேட்கவில்லை. முன்கையால் நெற்றியைத் துடைத்தாள். "தெரியும்" என்றாள். "பேஸப் பாத்துட்டு வருவாங்க எல்லாரும். நீ என் காலப் பாத்துட்டு வந்த."

"யார்கிட்டயும் சொல்லலியே நீ."

"நீயா வந்து சொல்லுவேன்னு இருந்தேன். ஆஸ்பத்திரியில பதினொரு நாள். கதவு தொறக்கறப்பெல்லாம் நீதான்னு நெனப்பேன். பன்னெண்டாம் நாள் வீட்டுக்கு அனுப்பிட்டாங்க." பெரிதாக எதுவும் சொல்லாத குரலில், "அப்பறம் விட்டுட்டேன்" என்றாள்.

மேகலா வாயைத் திறந்தாள். மன்னிப்பு என்கிற வார்த்தை அந்த இடத்துக்கு ரொம்பச் சின்னதாகத் தோன்றியது.

"எந்திரி" என்றாள் ஜெசிந்தா. "அடுத்த மேட்ச்சுக்குக் கோடு போடணும்." கை கொடுக்கவில்லை. சுண்ணாம்பு மூட்டையோடு இரண்டு ஆட்கள் வந்துகொண்டிருந்தார்கள், அவர்களிடம் எதையோ சுட்டிக்காட்டிச் சொல்லிவிட்டு மெதுவாக அந்தப் பக்கம் நடந்து போனாள்.

விசாலி ஓடிவந்து, "எந்திரிக்க முடியுதுங்களாக்கா? பிடிச்சுக்கட்டுமா?" என்றாள். வேண்டாம் என்று தலையசைத்துவிட்டு மேகலா கையை ஊன்றி எழுந்தாள். கால்கள் இரண்டும் நன்றாகத்தான் இருந்தன.